‘நிதி மாவட்டம்’ உறுத்துகிறது

அன்புள்ள குழுவினருக்கு,

லண்டன் வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட் என்பதற்கு ‘நிதி மாவட்டம்’ என்று எழுதிவிட்டேன். எழுதியதிலிருந்து உறுத்துகிறது. லண்டனின் நடுவே தனி ஆட்சியோடு இருக்கும் பழைய வணிகப் பகுதியான ‘சிட்டி ஆஃப் லண்டன்’ அதைவிடத் தொல்லை. ‘லண்டன் நகரம்’ என்றால் மொத்த லண்டன் ஆகிவிடுகிறது. வழி சொல்லுங்கள்.

* * *

ஐயா,

மாவட்டம் என்றதும் ஆட்சியரும் வட்டாட்சியரும்தான் கண்முன் நிற்கிறார்கள். சிட்டியின் மொத்தப் பரப்பே 2.9 சதுர கிலோமீட்டர். ‘சதுர மைல்’ என்பது செல்லப்பெயர்.

பொதுச்சொல்லாக ‘நிதிப்பேட்டை’ என்று வைக்கலாம். தொழிற்பேட்டை ஏற்கெனவே புழங்குகிறது. பேட்டை என்பதற்குச் சந்தை கூடும் இடம் என்ற பழைய பொருளும் உண்டு. அங்கே பணம் சந்தைக்குள்ளிருந்துதான் முளைத்தது. சீப்சைடு என்ற தெருப்பெயரில் உள்ள ‘சீப்’ மலிவு அன்று. பழைய ஆங்கிலத்தில் சந்தை. அதை ஒட்டியே ரொட்டித் தெரு, பால் தெரு. லம்பார்டு தெருவோ வட இத்தாலியிலிருந்து வந்து வட்டிக்குக் கொடுத்தவர்களின் பெயரைச் சுமக்கிறது. தாமஸ் கிரெஷம் கட்டி, 1571-இல் முதலாம் எலிசபெத் திறந்துவைத்த ராயல் எக்ஸ்சேஞ்ச், வணிகர்கள் பேரம் பேசக் கூடிய முற்றம். பங்குத் தரகர்கள் அருகிலிருந்த சந்தில் ஜோனதன் காப்பிக் கடையில் கூடினார்கள். 1698-இல் ஜான் காஸ்டேங் விலைப்பட்டியல் வெளியிடத் தொடங்கியது அங்கேதான். கப்பல் காப்பீடு எட்வர்டு லாய்டின் காப்பிக் கடையில் வளர்ந்தது. இவ்வளவு பெரிய காப்பீட்டுச் சந்தை இன்றும் ஒரு காப்பிக் கடைக்காரர் பெயரில் நடப்பது எனக்கு வியப்புத் தீராத செய்தி.

‘சிட்டி’க்கு என் பரிந்துரை ‘அகநகர்’. புறநகர் நாள்தோறும் வேலை செய்யும்போது அதன் இணை ஏன் சும்மா இருக்க வேண்டும்? ரோமானியர் கி.பி. 200 வாக்கில் எழுப்பிய மதிலுக்குள் இருந்த ஊர்தான் இதன் கரு. மீதி லண்டன் வெளியே பெருகியது.

* * *

இருவருக்கும் வணக்கம்.

பேட்டையில் எனக்குத் தயக்கம். அரசு நிலம் எடுத்து மனை பிரித்துக் கொடுத்ததுபோல் தொனிக்கிறது. பழைய கப்பல்துறையின் மேல் 1980-களில் திட்டமிட்டு எழுப்பிய, லண்டனின் இன்னொரு நிதிப் பகுதியான கேனரி வார்ஃபுக்கு அது பொருந்தும். சந்துகளும் காப்பிக் கடைகளுமாகத் தானே வளர்ந்த சிட்டிக்குப் பொருந்துமா?

அகநகர் அழகு. ஆனால் அது இடத்தை மட்டும் சொல்கிறது. சிட்டி ஓர் ஆட்சியும்கூட. அதன் லார்டு மேயர் வேறு, 2000-இல் உண்டான லண்டன் மேயர் பதவி வேறு. லார்டு மேயர் தேர்வில் பழைய தொழிற்குழுக்களின் உறுப்பினர்களுக்கு இன்றும் பங்கு உண்டு. 2021 கணக்கெடுப்பில் குடியிருப்போர் பத்தாயிரத்தைத் தொடவில்லை. வேலைக்கு வந்து போவோர் பல லட்சம். உள்ளூர்த் தேர்தலில் நிறுவனங்களும் வாக்காளர்களை நியமிக்கின்றன!

சோழர் கல்வெட்டுகளில் ஊர், சபை, நாடு இவற்றோடு ‘நகரம்’ வருகிறதே, வணிகர்கள் தம் ஊரை நிர்வகித்த அவை, அதுதான் இது. ‘நகரத்தார்’ என்ற பெயரில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் ‘நகரம்’ இன்று குழப்பும். ஆகவே இடத்துக்கு அகநகர், ஆட்சிக்கு நகரவை என்று பிரிக்கலாம்.

* * *

நகரவைக்கு மறுப்பில்லை. பேட்டையை மட்டும் விட்டுத்தர மாட்டேன். தொழிற்பேட்டை வருவதற்கு முன்பும் பேட்டைகள் இருந்தன. அவற்றில் பல தாமே வளர்ந்தவை. ஒரு துறை மனை பிரித்ததற்காகச் சொல்லையே அதற்குப் பட்டா போட்டுக் கொடுக்க வேண்டுமா?

* * *

மிக்க நன்றி. மூன்றையும் எடுத்துக்கொண்டேன். நிதிப்பேட்டை முதலில் வரும் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

ஒரே சிக்கல். கட்டுரையின் அடுத்த பக்கத்தில், ஏழ்மை மிகுந்த குடியிருப்புகளைக் குறித்து ‘இன்னர் சிட்டி’ வருகிறது. அகநகரை இங்கே செலவழித்துவிட்டேனே, அதற்கு என்ன எழுதுவது?