வீட்டு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான கோப்புப் பெட்டி) கட்டினவர்கள் வாருங்கள்: எந்தப் பாகம் உங்களைப் படுத்தி எடுத்தது?

மொட்டைமாடி:
2020 மார்ச், ஊரடங்குக்கு முந்தின வாரம். நாலு ஹார்டு டிரைவ் போட்ட ரெய்டு-இசட்1, அதாவது ஒரு டிரைவ் போனாலும் தரவு தப்பிக்கும் அமைப்பு, அதில் ஒன்று போய்விட்டது. அதே பிராண்டு, அதே 4 டிபி, பெட்டியிலேயே நாஸுக்கு என்று அச்சடித்த புது டிரைவை வாங்கி மாட்டினேன். ரீசில்வர், அதாவது போன டிரைவின் தரவைப் புதியதில் திரும்ப எழுதும் வேலை, முதலில் நல்ல வேகமாகத்தான் ஓடியது. அப்புறம் எழுதும் வேகம் மெகாபைட்டிலிருந்து கிலோபைட்டுக்கு இறங்கிவிட்டது. பார்க்கப் பார்க்க மீதி நேரம் ஏறிக்கொண்டே போகிறது, காலையில் இரண்டு நாள் என்று காட்டியது ராத்திரி ஆறு நாள் என்கிறது. அந்த ஒரு வரி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இன்னொரு டிரைவ் போனால் மொத்தமும் போச்சு, உள்ளே இருந்தவை அப்பா வாசித்த நாகஸ்வரக் கச்சேரிகள், மூலக் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. கடைசியில் ஐடிஎன்எஃப் பிழை (கேட்ட இடத்தை டிரைவில் காணவில்லை என்பது) காட்டி, புது டிரைவே பூலிலிருந்து, அதாவது டிரைவ்களின் கூட்டிலிருந்து, வெளியே விழுந்தது.

ஏப்ரலில்தான் விஷயம் வெளியே வந்தது, நாஸ் டிரைவ் என்று விற்ற சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று. ஸ்பெக் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். படம் பார்க்க, கோப்பு வைக்கத் தெரியவே தெரியாது. ரீசில்வர் வந்தால் தெரியும். ஊரடங்கில் கடை எதுவும் திறக்கவில்லை. கூட வேலை செய்பவர் தன்னிடமிருந்த பழைய சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத ரகம்) டிரைவைக் காய்கறிப் பையில் போட்டுக் கொடுத்தார், அது ஒரே ராத்திரியில் முடித்தது. புதியது தோற்ற இடத்தில் பழையது ஜெயித்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கருகல்வாசம்:
டிரைவ் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதற்குக் கரண்ட் கொடுக்கும் வயரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆறு டிரைவ், பவர் சப்ளையில் டிரைவுக்கான சாட்டா கனெக்டர் நாலுதான், பழைய ரக மோலெக்ஸ் கனெக்டர் இரண்டு சும்மா தொங்குகிறது. சென்னை ரிச்சி தெருவில் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் வாங்கி மாட்டியாயிற்று, மாதக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் மனைவி, "ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருதே, அயர்ன் பாக்ஸை ஆஃப் பண்ணீங்களா?" என்றார். அயர்ன் பாக்ஸ் அலமாரியில் இருக்கிறது. கேபினெட்டைத் திறந்தால் அந்த வயரின் வெள்ளை பிளாஸ்டிக் முனை பழுப்பாகி, 12 வோல்ட் பின்கள் இருக்கும் ஓரத்தில் உப்பிப் போய் நிற்கிறது. பிடுங்கினால் வரவில்லை, டிரைவின் பவர் சாக்கெட்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினால் கரி உதிர்கிறது. டிரைவ் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பூல் ஆன்லைன் என்று பச்சையில் காட்டியது. வீட்டில் ஆள் இல்லாத நேரமாக இருந்திருந்தால்?

அச்சில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய கனெக்டர் வேறு, பின்னைத் தனித்தனியாக கிரிம்ப் செய்து (கம்பியில் நசுக்கிப் பிடித்து) பின்பக்கம் மூடி போட்ட கனெக்டர் வேறு. முதல் ரகத்தில் உள்ளே கம்பிகள் கொஞ்சம் நகர்ந்தாலும் 12 வோல்ட் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் தொட்டுக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள், இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். டிரைவ் எண்ணிக்கைக்குத் தகுந்த சாட்டா கனெக்டர் உள்ள பவர் சப்ளை வாங்குங்கள், அல்லது கிரிம்ப் ரகம் தேடிப் பிடியுங்கள்.

இரட்டைப்பிரதி:
மொட்டைமாடி சார், உங்கள் கதை வருத்தமாக இருக்கிறது, ஆனால் டிரைவ் போவதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. மெமரி போவது தெரியாது. என் பெட்டியில் ஸ்கரப் (சேமித்ததை எல்லாம் படித்துச் சரிபார்க்கும் வேலை) முடிந்ததும் எல்லா டிரைவிலும் செக்சம் (தரவு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பிழை, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில். எல்லா டிரைவும் ஒரே நாளில் கெடுமா? மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டேன், சிவப்பு வரிகள் திரையை நிரப்பிவிட்டன. ஒரு ராம் குச்சி. அவ்வளவுதான் கதை.

அதனால் சொல்கிறேன், ஈசிசி, அதாவது பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் மெமரி, இல்லாமல் நாஸ் கட்டாதீர்கள். 2009-இல் கூகுள் சர்வர்களை வைத்து வந்த ஆய்வில் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டு மெமரி குச்சிகளுக்கு மேல் பிழை கண்டிருக்கிறது. "டிடிஆர்5-இல் ஈசிசி தானாகவே இருக்கிறதே" என்று கடைக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். அது சிப்புக்குள்ளேயே நடக்கும் திருத்தம், சிப்பிலிருந்து ப்ராசஸர் வரை வரும் வழிக்குக் காவல் கிடையாது, பிழை வந்தால் உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. ப்ராசஸரும் பார்த்து வாங்க வேண்டும். ரைசன் 5600ஜி-யில் ஈசிசி இல்லை, ப்ரோ 5650ஜி-யில் உண்டு. இன்டெல்லில் ஐ3-9100 வரை உண்டு, ஐ3-10100-இல் எடுத்துவிட்டார்கள். 9100 கையில் இருந்தால் மட்டும் போதாது, சி242 அல்லது சி246 சிப்செட் போர்டு வேண்டும். 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை டபிள்யூ680 போர்டு. போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் ஈசிசி மெமரி "பொருந்தும்" என்று மட்டும் போட்டிருந்தால் அது வேலை செய்யும் என்று அர்த்தமில்லை, ஈசிசி மோடிலேயே ஓடும் என்று எழுதியிருக்க வேண்டும். மாட்டியபின் லினக்ஸில் எடாக் டிரைவர் (மெமரிப் பிழைகளைப் பதிவு செய்யும் மென்பொருள்) ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சின்னமனூர்_அக்கா:
இரட்டைப்பிரதி தம்பி, ஈசிசி நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் கட்டவே கூடாது என்று புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துவது சரியில்லை. ரெய்டு-இசட் அடங்கிய ஜெட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மாத்யூ ஆரென்ஸே சொல்லியிருக்கிறார், மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட ஜெட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் ஈசிசி கூடுதலாகத் தேவைப்படுவதில்லை என்று. உங்கள் கதையிலேயே பாருங்கள், மெமரி கெட்டதைக் காட்டிக்கொடுத்தது செக்சம்தானே?

என் கதை வேறு. ஈசிசி வேண்டும், வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஆபீஸில் கழித்துக் கட்டின இன்டெல் ஜியான் (சர்வருக்கான ப்ராசஸர்) போட்ட சர்வர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். விலை சல்லிசு. சும்மா இருக்கும்போதே 110 வாட். மீட்டர் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, "வீட்ல புதுசா ஏசி போட்டீங்களாம்மா?" என்று கேட்டார். ஏசி இல்லை. 110 வாட் இரண்டு மாதம் நிற்காமல் ஓடினால் 158 யூனிட். எங்கள் வீடு எப்போதும் 400-ஐ ஒட்டி நிற்கும், அந்த முறை 500-ஐத் தாண்டிவிட்டது. 500 தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டுமா கூடுகிறது, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விகிதமும் சேர்ந்து மாறுகிறதே.

இப்போது இன்டெல்லின் சிக்கன ப்ராசஸர் என்100 போட்ட போர்டு, நாலு டிரைவோடு 40 வாட்டுக்குள் நிற்கிறது, 58 யூனிட்டுக்குள் அடங்கும். ஈசிசி இல்லை, தெரிந்துதான் வாங்கினேன். முக்கியமானதற்கு அண்ணன் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறது. என்100 வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள், அதில் பிசிஐஇ வழித்தடம் (கூடுதல் சிப்புகளும் கார்டுகளும் ப்ராசஸரோடு பேசும் பாதை) மொத்தமே ஒன்பதுதான். ஆறு சாட்டா உள்ள சீன போர்டுகளில் பெரும்பாலான போர்ட்டுகள் ஜேஎம்பி585, ஏஎஸ்எம்1166 மாதிரி தனிச் சிப்பிலிருந்து வரும். அது பரவாயில்லை. ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் மல்டிப்ளையர் சிப் போட்ட கார்டு மட்டும் வேண்டாம், ஒரு டிரைவ் திணறினால் பக்கத்து டிரைவ்களும் சேர்ந்து காணாமல் போகும்.

இரட்டைப்பிரதி:
அக்கா, செக்சம் காட்டிக்கொடுத்தது ஏற்கெனவே சரியாக எழுதப்பட்டதை. எழுதுவதற்கு முன்பே மெமரியில் ஒரு பிட் புரண்டுவிட்டால், கெட்டுப்போன தரவுக்கே செக்சம் போட்டுப் பத்திரமாக வைத்துவிடும். ஸ்கரப் பண்ணினாலும் தெரியாது, அண்ணன் வீட்டுக்கும் அதே கெட்ட பிரதிதான் போகும். கரண்ட் பில் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஈசிசி என்றாலே பழைய ஜியான் என்று இல்லை. 5650ஜி போர்டும் சும்மா இருக்கும்போது குறைவாகத்தான் இழுக்கும்.

தாமிரபரணி:
ஈசிசி சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. உங்களில் எத்தனை பேர் நாஸை வீட்டு இன்வெர்ட்டரில் நேராக மாட்டியிருக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், பேட்டரி பெரியது, நாலு மணி நேரம் தாங்கும். ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நிற்கவில்லை, லைட் ஒரு சிமிட்டல்கூட இல்லை. அந்த அமைதியில் டிரைவ்களின் தலை உள்ளே ஒதுங்கும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது, டக், டக், டக், டக். அப்புறம் எல்லாம் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. வீட்டில் வேறு எதுவும் அணையவில்லை, நாஸ் மட்டும் அணைந்து எழுந்தது. அதுவரை காரணமே இல்லாமல் ரீபூட் ஆகிறது என்று போர்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும், சாதா மோடு, யூபிஎஸ் மோடு. சாதா மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் பவர் சப்ளை முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்டு. யூபிஎஸ் மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்தால் நாஸுக்கு யார் சொல்வது? அதனால் நடுவில் யூஎஸ்பி வயர் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று. அந்த யூஎஸ்பியை நாஸில் செருகி யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளை ஓட்டினால், பேட்டரி இறங்கியதும் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். யூபிஎஸ் வாங்கும்போது டிரைவ்கள் கிளம்பும்போது இழுப்பதைக் கணக்கில் எடுங்கள். 3.5 அங்குல டிரைவ் ஒன்று சுற்ற ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், ஆறு டிரைவ் ஒன்றாக எழுந்தால் அதற்கே கிட்டத்தட்ட 150 வாட்.

நூல்கண்டு:
எனக்கு உறுத்துவது 12 டிபி டிரைவ். "புத்தம் புதியது, சீல் பிரிக்காதது" என்று ஆன்லைனில் ஒருவர் போட்டிருந்தார், கவரும் சீலும் சரியாகவே இருந்தன. டிரைவ் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ஓடிய நேரம் பூஜ்யம். சாட்டா முனையைப் பார்த்தால் தங்க முலாமில் மெல்லிய கோடுகள், பலமுறை செருகி எடுத்த தடம். சீகேட் டிரைவ் என்பதால் உள்ளே ஃபார்ம் என்று தனிப் பதிவு உண்டு, ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். படித்தேன், இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல். ஸ்மார்ட்டைத் துடைத்தவர்கள் இதைத் தொடவில்லை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே மாதிரி டிரைவ்கள் ஏராளமாகப் பிடிபட்ட செய்தியைப் படித்திருந்ததால்தான் பார்க்கவே தோன்றியது.

விற்றவரிடம் இரண்டு பதிவுகளையும் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றைக்கே பணத்தைத் திருப்பிவிட்டார். கேள்வி கேட்காததுதான் கோபமாக வருகிறது. மொட்டைமாடி சார், நீங்கள் அந்த எஸ்எம்ஆர் டிரைவுக்குப் பணம் வாங்கினீர்களா?

மொட்டைமாடி:
பணம் வரவில்லை, மாற்றிக் கொடுத்தார்கள், கடை திறந்தபிறகு ஜூலையில். இந்தத் தடவை மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கருகல்வாசம் எழுதியதைப் படித்துவிட்டு இப்போது கேபினெட்டைத் திறந்தேன், என்னிடமும் அந்த அச்சு ரக வயர் ஒன்று இருக்கிறது. பெட்டியை அணைத்தாயிற்று. கிரிம்ப் ரகம் சென்னையில் எங்கே கிடைக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.