இன்வெர்ட்டர் டிரைவ் பொருத்திய பின் மோட்டார் பேரிங் அடிக்கடி போகிறது: ஆண்டுதோறும் மாற்றிவிடலாமா?

வினா (பராமரிப்பு மேற்பார்வையாளர், ராஜபாளையம்)

எங்கள் நூற்பாலையில் 1008 கதிர்கள் கொண்ட ரிங் ஃபிரேம்கள் (நூல் நூற்கும் இயந்திரங்கள்) பன்னிரண்டு ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 37 கிலோவாட் மோட்டார், 6313 எண் பேரிங். மின்செலவைக் குறைக்க இரண்டாண்டுகளுக்கு முன் எல்லாவற்றுக்கும் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் டிரைவ் பொருத்தினோம். அதற்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த பேரிங்குகள் இப்போது எட்டு, பத்து மாதங்களிலேயே இரையத் தொடங்கிவிடுகின்றன. சென்ற மாதம் இரவு ஷிஃப்டில் ஒன்று இறுகி நின்றுவிட, கையிருப்பில் வேறு இல்லாததால் கோவையிலிருந்து வரவழைத்து மாட்டுவதற்குள் பதினொரு மணி நேரம் போய், 40-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 150 கிலோ உற்பத்தி குறைந்தது. மாதந்தோறும் தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம். ஆண்டுக்கொரு முறை எல்லாப் பேரிங்குகளையும் மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. அது சரியா?

பதில் (ஈரோடு)

சரிதான். நாங்கள் பொங்கல் விடுமுறையில் எல்லா மோட்டாரையும் கழற்றி மாற்றிவிடுகிறோம். கிரீஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற மின்பராமரிப்புப் பொறியாளர், கோவை)

கழற்றிய பேரிங்கை என்ன செய்தீர்கள்? பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் காரணத்தையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டீர்கள். அடுத்ததையாவது கட்டிங் வீலால் வெளி வளையத்தை இரண்டாக அறுத்து, குண்டு ஓடும் தடத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

டிரைவ் வந்த பின் தொடங்கிய கோளாறு என்பதால் எனக்குச் சந்தேகம் மின்சாரத்தின் மீதுதான். டிரைவ் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னழுத்தத்தை வெட்டி வெட்டித் தருவதால், ரோட்டர் தண்டில் மின்னழுத்தம் ஏறி, குண்டுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய கிரீஸ் படலத்தைத் துளைத்துப் பொறியாகப் பாய்கிறது. அந்தப் பொறிகள் போடும் நுண்குழிகள் நாளடைவில் தடத்தின் குறுக்கே சம இடைவெளியில் வரிகளாகிவிடும், கிரீஸும் கருகிப்போகும்.

ஈரோட்டு நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலான், ஹீப் இருவரும் 1978-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கையில், வயது கூடக் கூடப் பழுதும் கூடுகின்ற விமானப் பாகங்கள் 11 விழுக்காடுதான். 68 விழுக்காடு பாகங்களில் புதிதாக மாட்டிய தொடக்கத்தில்தான் பழுது அதிகம். விமானம் வேறு, மில் வேறு என்பது உண்மையே. காட்ஸ் (உருளைகளின் ரப்பர் உறை), ட்ராவலர் (ரிங்கில் ஓடும் சிறு உலோக வளையம்) போன்று தேய்வதற்கென்றே உள்ளவற்றை நாள் கணக்கில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நன்றாக ஓடும் மோட்டாரைத் திறந்து, புதுப் பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவது நாமே பழுதை அழைத்து வருவதாகும்.

கிரீஸுக்கும் கணக்கு உண்டு. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் ஒரு முறை அடிக்க வேண்டிய கிரீஸ் கிராமில் கிடைக்கும்; 6313-க்கு 140, 33 என்ற அளவுகளில் அது 23 கிராம். அதற்கு மேல் திணித்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும்.

வினவியவர்

ஐயா, ஸ்டோரில் கிடந்த இரண்டை இன்று அறுத்தோம். வெளி வளையத்தின் தடத்தில் துணி துவைக்கும் கல்லில் கொத்திவிட்டதைப் போல வரி வரியாக இருக்கிறது. கிரீஸ் மை போலக் கறுத்துள்ளது. இனி என்ன செய்ய வேண்டும்?

பதில் (கோவை)

அப்படியானால் எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். தண்டில் தேங்கும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் எர்த்திங் ரிங்கை முதலில் அதிகம் தொல்லை தரும் இரண்டு மோட்டார்களில் மாட்டுங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிள் உலோக உறையுள்ளதாக இருக்கட்டும். அந்த உறையை இரு முனையிலும் முழு வட்டமாகப் பற்றும் கிளாம்பு வழியே எர்த் செய்யுங்கள். முறுக்கிய கம்பி வால் போதாது. கையிருப்பில் சி3 இடைவெளி (குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே வழக்கத்தைவிடச் சற்று அதிக இடைவெளி) கொண்ட 6313 நான்கு, உறை பிரிக்காமல், படுக்கை வசமாக இருக்கட்டும்.

பதில் (ஈரோடு)

நானும் எங்களுடையதை அறுத்துப் பார்த்தேன். வரிகள் இல்லை; உள்ளே கிரீஸ் களிமண்ணாக அடைத்துக்கொண்டு, தடம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கிரீஸ் கன்னைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் ஓர் அழுத்தலுக்கு 1.4 கிராம் வந்தது. எங்கள் ஃபிட்டர் மாதந்தோறும் அடிப்பது முப்பது அழுத்தல்.