வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த மரணம் "பணியின்போது" ஏற்பட்டதாகுமா?

கேள்வி (நீடாமங்கலம்)

2025 ஜனவரி கடைசி வாரம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, என் சித்தப்பா இறந்துபோனார். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பதினோரு ஆண்டுகளாக மூட்டை தூக்கியவர். வயது 45, நாளுக்கு 700 ரூபாய் கூலி, மாதம் 26 நாள் வேலை. விடியற்காலை மேஸ்திரி தொலைபேசியில் அழைத்தார். களத்தில் நெல் ஏற்றுவதற்காக ஆலையின் டிராக்டரே வந்து ஆட்களை ஏற்றிச் சென்றது. கோரையாற்றுப் பாலத்தருகே டிப்பர் சாய்ந்ததில் அவர் அடியில் சிக்கிக்கொண்டார். மருத்துவமனையில் எங்களிடம் தந்த துண்டில் மூட்டைக் கொக்கி முடிந்தபடியே இருந்தது. முதலாளியோ, "வேலை தொடங்கவேயில்லை, இது வெறும் சாலை விபத்து" என்கிறார். சித்தியிடம் 50,000 ரூபாய் கொடுத்து, இனி உரிமை கோரமாட்டேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இழப்பீடு கேட்க வழியுண்டா?

பதில் (வழக்கறிஞர், கும்பகோணம்)

வழியுண்டு. விபத்து நடந்த காலத்தை வைத்துப் பார்த்தால் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமே உங்களுக்குப் பொருந்தும். அதன் 3ஆம் பிரிவு, விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. முதல் மூட்டையைத் தொட்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது என்று அதற்குப் பொருளில்லை. 1958இல் சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர்கள் படகு கவிழ்ந்து இறந்த வழக்கில், வேலையின் எல்லை ஓரளவு வெளியேயும் நீளும் என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், அது பொதுமக்கள் அனைவரும் பயன்படுத்திய படகு என்பதால் இழப்பீட்டை மறுத்தது. ஆனால் 1963இல், பணி முடித்துத் தன் நிறுவனத்தின் பேருந்திலேயே வீடு திரும்பிய பம்பாய் ஓட்டுநரின் மரணத்தைப் பணிக்காலத்தில் நேர்ந்ததாகவே ஏற்றது. முதலாளி அனுப்பிய வண்டியில் ஏறிய உங்கள் சித்தப்பா இரண்டாவது வழக்கின் பக்கம்தான் நிற்கிறார். அதற்கும் மேலாக, 2025 ஜூலையில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால், இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அந்த முத்திரைத்தாளைக் கண்டு சித்தி அஞ்ச வேண்டாம். 17ஆம் பிரிவின்படி அது செல்லாது. கொடுத்த பணத்தை, மூன்று மாதக் கூலிக்கு மிகாத முன்பணமாக மட்டுமே, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் கழிக்க முடியும். சட்டம் கணக்கில் எடுக்கும் மாதக் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் பாதியான 7,500ஐ, சட்டத்தின் அட்டவணையில் 45 வயதுக்குரிய காரணியான 169.44ஆல் பெருக்கினால் 12,70,800 ரூபாய் வருகிறது. அதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் உண்டு. மரணம் நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும் என்பதால், 2027 ஜனவரி வரை காத்திருக்காமல் இப்போதே தொழிலாளர் துணை ஆணையரை அணுகுங்கள்.

பதில் (தொழிற்சங்கப் பணியாளர், திருவாரூர்)

முதலில் அவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் வழியே வேறு. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலும் கேட்கலாம், ஆனால் ஆணையர், தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கேள்வி கேட்டவர்

அட்டை இல்லை. சித்தப்பாவின் செல்பேசியில் மேஸ்திரியின் அழைப்பு 4.07 மணிக்குப் பதிவாகியிருக்கிறது. அன்றைக்கு வரவேண்டிய ஆட்களின் பெயர்கள் மேஸ்திரியின் கணக்கு நோட்டில் இருக்கின்றன. முதலாளிக்குப் பயந்து அதைத் தர மறுக்கிறார்.

பதில் (வழக்கறிஞர், கும்பகோணம்)

செல்பேசியை அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். கொக்கியையும் துண்டையும் கூட. மேஸ்திரியை வற்புறுத்த வேண்டாம். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு; நோட்டைப் பற்றி மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.