நிஸ்வா கோட்டையில் அம்மா காட்டிய தழும்பு

அண்ணன் ஓமானில், மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் போயிருந்தேன். ஒருநாள் நிஸ்வா கோட்டைக்குப் போவோம் என்றதற்கு, "கோட்டைன்னா வெறும் சுவருதான, அதுக்கு எதுக்குல இவ்வளவு தூரம்?" என்றார் அம்மா. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே ஆட்டுச் சந்தை கூடும் என்று அண்ணன் சொன்னதும்தான் மனசு இறங்கினார்.

காரில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் புல் பூண்டு இல்லாத ஹஜர் மலைகள். சந்தைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனோம், ஆனாலும் கூட்டம் குறையவில்லை. வட்டமான பாதை, வெள்ளை அங்கி போட்டவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு விலையைக் கத்தியபடி சுற்றி வருகிறார்கள். வாங்குகிறவர்கள் நிறுத்தி, வாயைத் திறந்து பல் பார்த்து, முதுகைத் தடவிப் பேரம் பேசுகிறார்கள். நம்மூர்ச் சந்தை மாதிரி துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் ரகசியமெல்லாம் இல்லை. அம்மா எட்டயபுரம் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இங்க கறி சாப்பிட்டு முடியாது" என்று முடிவு சொல்லிவிட்டார்.

அப்புறம் கோட்டை. மஸ்கட்டிலிருந்து 1650-இல் போர்த்துக்கீசியரை விரட்டிய இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது. கட்டி முடிக்க 12 ஆண்டு ஆனதாம். நடுவில் நிற்கும் வட்டக் கோபுரம்தான் விசேஷம். 30 மீட்டர் அளவுக்கு உயரம். கீழ்ப்பாதியைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி வைத்திருக்கிறார்கள், பீரங்கி அதிர்ச்சியைத் தாங்குவதற்கு. அருங்காட்சியக அறைகளை நாங்கள் வேகமாகவே கடந்துவிட்டோம். வெள்ளி நகை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் மட்டும் அம்மா நின்றார்.

பேரீச்சம்பழக் கிடங்கில்தான் எல்லோரும் நின்றுவிட்டோம். இருட்டான சின்ன அறை. தரை முழுக்க வரப்பும் வாய்க்காலுமாக, பாத்தி கட்டினதுபோல் இருந்தது. பழ மூட்டைகளை இதன் மேல் கூரை வரைக்கும் அடுக்கிவிடுவார்களாம். மேல் மூட்டையின் கனத்தில் அடி மூட்டை நசுங்கி, பாகு தானாகக் கசிந்து வாய்க்கால் வழியாக ஓடி ஒரு முனையில் சேரும். ஆலையும் வேண்டாம், மாடும் வேண்டாம். அம்மா குனிந்து வாய்க்காலை விரலால் தடவிப் பார்த்தார். உடன்குடிப் பக்கம் விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ச்சி வளர்ந்தவர். "நம்மள மாதிரி விறகுக்கு அலையாண்டாம்" என்றார், கொஞ்சம் பொறாமையோடு.

கோபுரத்துக்கு ஏறும் படிக்கட்டு குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் கனத்த மரக்கதவு. கதவுக்கு முன்னால் தரையில் குழி, மேலே கிடக்கும் பலகையை உருவிவிட்டால் வருகிறவன் உள்ளே விழ வேண்டியதுதான். கதவுக்கு நேர் மேலே ஒரு பொந்து. எதிரி கதவை இடிக்கும்போது அதன் வழியாகக் கொதிக்கும் பாகை ஊற்றுவார்களாம். கீழே பார்த்த அதே பேரீச்சம்பாகு.

"வெந்நீரே போதாதா?" என்று கேட்டான் அண்ணன். அம்மா பதில் சொல்லாமல் சேலையை ஒதுக்கி முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினார். சின்ன வயதில் கூப்பதனி, அதாவது கொதித்துப் பாகு பதத்துக்கு வந்த பதநீர், தெறித்ததாம். "தண்ணின்னா ஓடிரும்லா. பாகு போவாது, ஒட்டிக்கிட்டே உள்ள இறங்கும். தொடச்சா தோலும் சேந்து வரும்." எத்தனையோ வருஷமாகப் பார்த்த தழும்புதான், அம்மை என்று நினைத்திருந்தேன். அந்தப் பொந்தை அதற்குப் பிறகு அண்ணாந்து பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

உச்சியில் நல்ல காற்று. எல்லாத் திசையிலும் சுட வசதியாகச் சுற்றிலும் பீரங்கி வாய்கள், கீழே பேரீச்சந்தோப்பு, பின்னால் மொட்டை மலை. ஆனால் அம்மாவுக்கு மூட்டு வலி வந்துவிட்டதால் சீக்கிரம் இறங்கினோம். முட்டி பலவீனமானவர்களைக் கிடங்கோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறுகின்றன.

பக்கத்துக் கடைத்தெருவில் அல்வாவும் ஒரு பாட்டில் பேரீச்சம்பாகும் வாங்கினோம். அம்மா அதை இரண்டு கவரில் கட்டி, நூல் சேலைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். ஊருக்கு வந்து திறந்தால் மூடி கசிந்திருந்தது. சேலையை மூன்று தடவை அலச வேண்டியதாயிற்று. மிச்சப் பாகைத் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டு முடித்தோம்.