பிறனா, அடுத்திருப்பவரா? அசனப் பந்திக்குப் பிறகு எழும் கேள்வி

பொருநைக்கரை வாசகி:
சென்ற ஞாயிறு லூக்கா 10-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம் கேட்டோம். நியாயசாஸ்திரி இயேசுவிடம் கேட்ட கேள்வி புராட்டஸ்டண்டுகளான நமது வேதாகமத்தில் "எனக்குப் பிறன் யார்" என்றும், கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் "எனக்கு அடுத்திருப்பவர் யார்" என்றும் இருக்கிறது. இவ்விரு சொற்களும் என்னை உறங்கவிடவில்லை. எங்கள் சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரத்தின்) அசனப் பண்டிகையில், அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்தில், எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம்; ஆனால் எனக்குப் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடும் குடும்பத்தின் வீட்டு வாசற்படியை, அவர்கள் வேறு சாதி என்பதால், இருபது ஆண்டுகளில் நான் ஒருமுறையும் மிதித்ததில்லை. பிறனிடம் அன்புகூர வேண்டும் என்ற கற்பனையை, அதாவது தேவ கட்டளையை, கைக்கொண்டவள் என்று நான் என்னைச் சொல்லிக்கொள்ளலாமா?

உபதேசியார் பேரன்:
சகோதரி, உங்கள் மனவேதனையை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்கமாட்டேன். அன்பு என்பது அண்டை வீட்டு முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதிலும், கடன்பட்டவனை நெருக்காமல் தவணை கொடுப்பதிலும் இருக்கிறது. யார் வீட்டில் யார் உண்பது என்பது குடும்ப வழக்கம். அதை இரட்சிப்போடு முடிச்சுப் போடக்கூடாது. கலாத்தியர் 6:10 "விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" நன்மை செய்யச் சொல்கிறதே, அருகிலிருப்பவர்களிடம் தொடங்குவது எப்படிக் குறையாகும்? உலகத்தார் அனைவரையும் நேசிக்கிறேன் என்று பேசிக்கொண்டே சொந்த மாமியாரைக் கவனியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொருநைக்கரை வாசகி:
ஐயா, நீங்கள் காட்டிய வசனத்தில் அதற்கு முன்பே "யாவருக்கும்" என்ற சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டாலும், நான் சொல்லும் அந்தக் குடும்பம் விசுவாசக் குடும்பம்தானே! அவர்களும் நம்மோடு அதே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்கள். நியாயசாஸ்திரிக்குப் பதிலாக இயேசு சொன்ன உவமையில், கள்ளரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்ட சமாரியன் பணத்தைக் கொடுத்துவிட்டு விலகிப் போகவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துத் தன் கையாலேயே காயங்களைக் கட்டினான், தன் சொந்த வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் தங்கிப் பராமரித்த பிறகே மறுநாள் இரண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தான். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலத்தில் அவன் தொட்டுத் தூக்கினான். மேலும், பிறன் யார் என்ற கேள்வியை இயேசு அப்படியே விடாமல், அடிபட்டவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று திருப்பிக் கேட்டார்.

வடக்கன்குளத்துக்காரன்:
நான் கத்தோலிக்கன், எங்கள் ஊரின் சாட்சியைச் சொல்லவேண்டும். ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு கூடங்கள், நடுவில் சாதி பிரித்த சுவர் என்று எங்கள் கோவில் இருந்தது. அன்றும் அதை வழக்கம் என்றுதான் சொன்னார்கள். 1910-இல் குருக்கள் அச்சுவரை இடித்தார்கள். எதிர்த்தவர்கள் வழக்காடியும் அது திரும்ப எழவில்லை. சுவரின் இருபுறமும் மண்டியிட்டவர்கள் ஒருவருக்கொருவர் அடுத்திருந்தவர்கள்தாம். "அடுத்திருப்பவர்" என்ற சொல்லுக்கு இதைவிடக் கசப்பான விளக்கம் எனக்குத் தெரியாது.

உபதேசியார் பேரன்:
சுவரை நான் ஆதரிக்கவில்லை. அது ஆலயத்துக்குள் நடந்த பாவம். ஆனால் வீடு ஆலயமல்லவே. உள்ளத்தில் அன்பு ஊறாமல், குற்ற உணர்வினால் ஒருவர் வீட்டுக்குப் போவது அவர்களுக்கும் அவமானமாகாதா? அன்பை வற்புறுத்தி வரவழைக்க முடியாது என்றே இன்னமும் நம்புகிறேன்.

பொருநைக்கரை வாசகி:
உங்கள் கேள்வியின் முற்பகுதி நியாயமானது. என்னைக் கண்டு அவர்கள் கூசிப்போவார்களோ என்று நானும் அஞ்சுகிறேன். ஆனால் இந்தக் கற்பனை முதலில் வரும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விடவேண்டும், கூலிக்காரனின் கூலி விடியும்வரை நம்மிடம் இருக்கக்கூடாது என்ற கட்டளைகளுக்குப் பிறகே 18-ஆம் வசனத்தில் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று வருகிறது. உள்ளம் கனியும்வரை கூலியை நிறுத்தி வை என்று அங்கே சொல்லப்படவில்லை.

இத்தனை ஆண்டுகளாக கிறிஸ்துமஸ் பலகாரத்தை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து எதையும் வாங்கி உண்டதில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று அறிந்தேன். சனிக்கிழமை வரலாமா என்று முதலில் அவர்களிடமே கேட்கப்போகிறேன். சம்மதித்தால், அவர்கள் எதைக் கொடுத்தாலும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.