இறந்த சித்தப்பாவின் வீட்டு அட்வான்ஸில் தரகர் கமிஷனை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளலாமா?

தொண்டிக்காரன்:
இராமேஸ்வரத்தில் வாடகை வீட்டில் தங்கி, ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிவந்த என் சித்தப்பா அண்மையில் காலமானார். சித்தியும் மகள்கள் இருவரும் தொண்டியில் இருக்கிறார்கள். அப்பத்தா சாயல்குடியில் அத்தை வீட்டில் இருக்கிறார். மாத வாடகை 6,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய். காரியம் முடிந்ததும் சாமான்களை எடுத்துக்கொண்டு சாவியை ஒப்படைத்துவிட்டோம். வீட்டுக்காரரோ 27,000 ரூபாய்தான் திருப்பித் தர முடியும் என்கிறார். பெயிண்ட் அடிக்க 15,000, சாமான் கிடந்த மாதத்துக்கு வாடகை 6,000, வீடு பிடித்துக்கொடுத்த தரகருக்கு 12,000 என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அட்வான்ஸைப் பேசி வாங்கித் தருவதற்கு 20 சதவீதம் தருவதாகச் சித்தியின் தம்பி துக்க வீட்டிலேயே ஒப்புக்கொண்டார் என்பது தரகரின் வாதம்; சித்திக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. வாரிசுச் சான்றிதழ் எடுத்துத் தரத் தனியாக 5,000 ரூபாயும் தரகர் கேட்கிறார். இவற்றில் எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம்?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்:
சான்றிதழிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மக்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் வழங்குவார். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருந்தால் அதற்குக் கட்டணமே கிடையாது. ஆகவே 5,000 ரூபாய்க்கு இதில் என்ன வேலை என்பதைத் தரகரே விளக்கட்டும்.

இன்னொன்று. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி மனைவி, மகள்கள் ஆகியோருடன் தாயும் முதல் வகுப்பு வாரிசு. உங்கள் அப்பத்தாவின் பெயர் விடுபட்டால் பிறகு சான்றிதழைத் திருத்த அலைய வேண்டியிருக்கும். உயில் எதுவும் இல்லையென்றால் நால்வருக்கும் சமப் பங்கு. சித்தியின் தம்பிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வாரிசல்லாத ஒருவர் வாரிசுகளின் பணத்திலிருந்து கமிஷன் தருவதாகச் சொன்ன வாக்கு, அவர்கள் அதிகாரம் கொடுத்திராதபோது அவர்களைக் கட்டாது.

இரண்டு வீடு வாடகைக்கு விட்டவர்:
வீட்டுக்காரர் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். சாமான் உள்ளே கிடந்த மாதத்தில் அவர் வேறு யாருக்கும் வீட்டை விட்டிருக்க முடியாது; அந்த 6,000 நியாயமான பிடித்தம். மீட்டரில் ஓடியிருக்கும் மின்கட்டணப் பாக்கியையும் நீங்களே கேட்டுக் கட்டிவிடுவது நல்லது.

பெயிண்ட் விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. தீவில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிரும், கடலைப் பார்த்த சுவரில் சுண்ணாம்பு தானாகப் பெயரும். அதைக் குடியிருந்தவர் தலையில் கட்ட முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பையும் கதவு ஜன்னல் பெயிண்டையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவையே வாடகைதாரர் பொறுப்பு. அப்படி ஏதாவது உடைந்திருந்தால் அதற்குரிய தொகையை மட்டும் ரசீதுடன் கேட்கலாம்.

தரகரின் 12,000-ஐப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை, அவர் என்ன வசூல் ஏஜெண்டா? ஆனாலும் அவருடைய அச்சம் ஒன்று உண்மையானது: இன்று சித்தியிடம் கொடுத்த பணத்தை நாளை அப்பத்தா பெயரைச் சொல்லி இன்னொருவர் வந்து கேட்டால் என்ன செய்வது? நானாக இருந்தால், வாரிசுச் சான்றிதழின் நகலும் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒரே ரசீதும் வாங்கிக்கொண்டு, பணத்தை ரொக்கமாக அல்லாமல் வங்கிக் கணக்கில்தான் போடுவேன். மகள்களில் யாராவது 18 வயது நிரம்பாதவராக இருந்தால் தாய் காப்பாளராகக் கையெழுத்திடலாம்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருப்பவர்:
மேலே சொன்ன வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தரகருக்கும் குடும்பத்துக்கும் இடையே உள்ள பேச்சு வாடகைப் பாக்கி ஆகாது. ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருந்தால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம்; நம் பக்கத்தில் பெரும்பாலும் வாய்மொழியாகவோ பதிவு செய்யாத பத்திரத்திலோ முடித்துக்கொள்வதால் அந்த வழி பலருக்கு எளிதாக அமைவதில்லை.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 214-ஆம் பிரிவு குறுக்கே வரும். இறந்தவருக்கு வர வேண்டிய கடனுக்குத் தீர்ப்பாணை பெற, வட்டாட்சியர் சான்றிதழ் போதாமல், நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கப்படும். 33,000 ரூபாய்த் தகராறுக்கு அந்தச் செலவும் காலமும் பொருந்தாது. இராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடுவதற்கு முன்பே ஒரு மனு கொடுத்து இரு தரப்பையும் அழைக்கச் செய்யுங்கள். பெண் என்ற முறையில் உங்கள் சித்திக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

இடையில் யாராவது வழக்கறிஞர் வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசினால், இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் அதைத் தடை செய்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

தொண்டிக்காரன்:
அனைவருக்கும் நன்றி. வாடகை 6,000-ஐயும் மின்கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டு, மீதியைக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்புகிறோம். தரகர் தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறை வந்ததற்கான பேருந்துச் செலவைச் சித்தி தனியாகக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரசீதில் கைநாட்டு வைத்தால் செல்லுமா?

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருப்பவர்:
செல்லும். தொகையை எழுத்திலும் எண்ணிலும் குறித்து, முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு இடது பெருவிரல் ரேகை வாங்குங்கள். அது யாருடைய ரேகை என்பதைப் பக்கத்தில் எழுதி, வாசித்துக் காட்டியதாக ஒரு வரி சேர்த்து, குடும்பத்தைச் சாராத இருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அந்தத் தரகர் சாட்சியாக வேண்டாம்.