மறு: பாக்ஸ் ஸ்கோர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையில் வரும் தொகுப்பு அட்டவணைதான் பாக்ஸ் ஸ்கோர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக வந்த மூன்று பரிந்துரைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> 'பெட்டிச் செய்தி' இருக்கிறதே, அதே வழியில் 'பெட்டிக்கணக்கு' எனலாமா?

கேட்டதும் பெட்டிக்கடைக் கடன் நோட்டுதான் நினைவுக்கு வருகிறது! அது போகட்டும். பெட்டி என்பது பத்திரிகைப் பக்க அமைப்பைத்தான் காட்டுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

> புள்ளிப்பட்டியல்?

இது வேண்டவே வேண்டாம். ஐபிஎல் நடக்கும்போது தினமும் காதில் விழும் சொல் இது. தொடர் முழுவதிலும் எந்த அணி எத்தனையாவது இடம் என்பதற்கு நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது ஒரே ஓர் ஆட்டத்தின் கணக்கு.

> ஸ்கோர்கார்டு என்றே விட்டுவிட்டால் என்ன?

கிரிக்கெட்டில் பழகிய சொல், அந்த உறவும் உண்மைதான். பாக்ஸ் ஸ்கோருக்கு வடிவம் கொடுத்ததில் பெரும்பங்கு ஹென்றி சாட்விக்குடையது. இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் எழுதி, பிறகு பேஸ்பாலுக்கு வந்தவர். ஆனால் பேஸ்பாலில் ஸ்கோர்கார்டு வேறு பொருள். ஆட்டம் நடக்க நடக்க, ஒவ்வொரு அடிப்பாளருக்கும் என்ன நேர்ந்தது என்று கட்டத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவது அது. பாக்ஸ் ஸ்கோர், ஆட்டம் முடிந்தபின் ஆளுக்கு ஒரு வரியாகத் தொகுத்தது.

1956 அக்டோபர் 8 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் அணியின் டான் லார்சன் பந்தெறிய, புரூக்ளின் டாட்ஜர்ஸ் 27 முறை அடிக்க வந்தார்கள், 27 முறையும் அவுட். ஒருவர்கூட முதல் பேஸை, அதாவது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் நிலையை, எட்டவில்லை. கடைசி ஆள் டேல் மிட்செல், மட்டையை முழுதாக வீசாமல் நிற்க, நடுவர் மூன்றாவது ஸ்டிரைக் கொடுத்தார். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட், அதன் குறி ஆங்கில 'கே' எழுத்து; மட்டை வீசாமல் அவுட் ஆனதால் ஸ்கோர்கார்டு எழுதுகிறவர் அதைத் திருப்பிப் போடுவார். பாக்ஸ் ஸ்கோரில் அந்தக் காட்சி கிடையாது. மிட்செல் பெயருக்கு நேரே அடிவாய்ப்புக்கு ஒரு 1, பிறகு பூஜ்யங்கள், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மொழிபெயர்க்கிறவர் திண்டாடிப் போவார்.

சரி, என் பரிந்துரை: ஆட்டக்கணக்கு.

எளிமை மட்டும் காரணமில்லை. பேஸ்பால் விதிப்படி பாக்ஸ் ஸ்கோரின் இரு பக்கமும் பொருந்தி நேராக வேண்டும். ஓர் அணியின் அடிவாய்ப்புகள், நான்கு பந்து நடை (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் முதல் பேஸ்), பந்துபட்டு நடந்தவர்கள், தியாக அடிகள் (தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றும் அடி), குறுக்கீட்டால் முதல் பேஸ் பெற்றவர்கள் இவ்வளவையும் கூட்டினால் ஒரு தொகை வரும். அந்த அணி எடுத்த ஓட்டங்கள், பேஸில் எஞ்சி நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட்கள் இவற்றின் கூட்டுத்தொகையும் அதுவாகவே இருக்க வேண்டும். லார்சன் ஆட்டத்தில் புரூக்ளின் பக்கம் 27 அடிவாய்ப்பு, வேறொன்றும் இல்லை. மறுபக்கம் ஓட்டம் 0, எஞ்சியவர் 0, அவுட் 27. இடிக்கிறது என்றால் எழுதியவர் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார். வரவுசெலவு எழுதுகிறவர்கள் 'கணக்கு நேராயிடுச்சு' என்பார்களே, 'ஆட்டக்கணக்கு நேரானது' என்று அப்படியே எழுதலாம். 'பெட்டி நேரானது' என்று எழுத முடியுமா?

இதோடு ஒட்டி வரும் லைன் ஸ்கோருக்கு யாரோ 'வரிக்கணக்கு' என்றிருந்தீர்கள். வருமான வரித்துறை வந்து நிற்கும்! பள்ளிக் கணிதத்தில் அணிகளுக்கு (மேட்ரிக்ஸ்) நிரை, நிரல் படித்தோமே, கிடைவரிசை நிரைதான். ஒன்பது இன்னிங்ஸ் ஓட்டங்களும் கடைசியில் ஓட்டம், ஹிட், பிழை என மூன்று எண்களும் கிடையாக வருவதால் 'ஓட்ட நிரை' என்கிறேன். அன்று புரூக்ளின் நிரை 0, 0, 0 என்று முடிந்தது. யாங்கீஸ் 2, 5, 0.

'பிழை' பற்றித்தான் எனக்கு இன்னும் இழுபறி. களத்தடுப்பில் நழுவவிட்டதை அதிகாரப்பூர்வக் கணக்கர் தீர்ப்பாகச் சொல்வது அது. அச்சுப்பிழை என்று யாரும் படித்துவிடக் கூடாது. 'தடுப்புப்பிழை' நீளமாக இருக்கிறது, அட்டவணைத் தலைப்பில் இடம் போதாது. இரண்டெழுத்தில் அடங்குகிற மாதிரி யாருக்காவது தோன்றுகிறதா?